வாழ்த்துப் பேனரில் ஒரு சுடர்

அத்தியாயம் 6

தாளாளர் அறையில் மூன்று உலகங்கள் இருந்தன. மேசைமேல் சுழலும் உருண்டையாக ஒன்று, சுவரில் வரைபடமாக ஒன்று, சுழல் நாற்காலியில் டாக்டர் மாரியப்பனாக ஒன்று. மூன்றாவதுதான் பெரியது.

“யுவராணியா? எங்க நிலையத்தோட நட்சத்திரம்ங்க அந்தப் பாப்பா,” என்றார் அவர். “இப்ப ஜெனீவாவுல இருக்குது. உலக அமைதிக்கு ஆலோசகர். இருபத்து மூணே வயசு!”

“அமைதி வந்துட்டுதுங்களா?” என்று கேட்டாள் சகாயமேரி.

“போயி நாப்பது நாள்தானே ஆவுதும்மா,” என்றார் தாளாளர், துளியும் சிரிக்காமல்.

பக்கத்தில் இருந்த தமிழ்மணியும் சிரிக்கவில்லை. தனிப்பிரிவுக் காவலராக இருந்த இருபது வருடத்தில் பதவி உயர்வுக்குப் பதிலாக இடமாற்றமாகவே வாங்கி ஓய்ந்தவர் அவர். இப்போது தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பரோட்டா கடைக்கு மேலே, துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். சகாயமேரி அவருடைய உதவியாளர். அதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் பத்து வருடம் ஊரார் ரகசியங்களை நகலெடுத்தவள் என்பதால் எந்தக் காகிதத்தையும் எந்த மனிதரையும் கண்டு மிரள மாட்டாள்.

அகிலம் சர்வதேச ஆய்வியல் மேற்படிப்பு நிலையம் பாலக்கோடு சாலையில், மாங்கூழ் ஆலைக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைக்கும் நடுவே உலகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் தாளாளர் முன்பு ஆழ்துளைக் கிணறு போட்டவர். தண்ணீர் வராத இடத்திலும் குழாயைத் தட்டி, “சத்தம் கேக்குது பாருங்க, நிறைய இருக்குது” என்று சொல்லத் தெரிந்தவர். கல்வித் துறையில் அந்த அனுபவம் வீண்போகவில்லை. அவருக்கு முனைவர் பட்டம் தந்த பல்கலைக்கழகம் ஏதோ ஒரு தீவில் இருந்தது. கடல் வற்றும் மாதங்களில் அந்தத் தீவு தெரியும் என்று பேச்சு.

சுவர் முழுக்கச் சாதனைகள். பேராசிரியர் ஒருவர் மத்திய ஆசியாவின் எதிர்காலம் பற்றி உரையாற்றிச் சால்வை பெற்றிருந்தார். உரை நடந்ததும் சால்வை போர்த்தியதும் இதே கட்டடத்தின் மாடியில். மாணவி சுசித்ரா, மாதிரி ஐக்கிய நாடுகள் சபையில் மாதிரி பிரான்சாக உட்கார்ந்து மாதிரிக் கோப்பை வாங்கியிருந்தாள். அதற்குக் கீழே முன்னாள் மாணவர்கள் வரிசை. பதினோரு பேரும் கிழக்கே எங்கெங்கோ உயர்பதவியில்.

“அந்தப் பொண்ணோட அம்மா அழுவுறாங்க,” என்றார் தமிழ்மணி. “ஒரு தடவை போன்ல பேச வெச்சீங்கன்னா போதும்.”

“அம்மான்னா அழத்தாங்க செய்வாங்க. பொண்ணு எவ்ளோ உயரத்துக்குப் போயிடுச்சி! அங்க ரகசியக் காப்புப் பிரமாணம் உண்டு. எழுதலாம், பேசக் கூடாது.” உருண்டையை ஒரு விரலால் சுழற்றிவிட்டார். அத்துடன் பேட்டி முடிந்தது.

அந்த அம்மாவின் பெயர் கண்ணம்மாள். மாரண்டஅள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி. மூன்று நாளுக்கு முன் அலுவலகப் படியேறி வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “எம்பொண்ணு உசுரோட இருக்குதா இல்லியா? அது மட்டும் சொல்லுங்க.” மகளின் எண்ணிலிருந்து நாள் தவறாமல் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. ‘நலம். வேலை அதிகம். ஏரி அழகாக இருக்கிறது.’ கண்ணம்மாளின் சந்தேகம் அங்கேதான். “எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எம்பொண்ணுக்குத் தெரியாதுங்களா? இத்தினி வருசத்துல ஒரு வரி எழுதுனதில்லீங்க எனக்கு. பேசும். இல்லாட்டி பேசி அனுப்பும்.”

கடைசியாக யுவராணி பேசியது பிப்ரவரி பத்தாம் தேதி. நிலையத்தின் சாதனைப் பட்டியலை எழுதும் வேலையை அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள். எழுதுகிறவளுக்கு ஒரு ஆசை. பதினோரு சாதனையாளர்களையும் கூப்பிட்டு ஒரு வாழ்த்துச் சொல்லலாமே என்று. பத்துப் பேர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவன் அழுதான். கம்பிவேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், போனில் ஊரை ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்கள், எங்களை இங்கே அனுப்பியதே தாளாளர்தான் என்றான். “நான் எழுதனதெல்லாம் பொய்யிம்மா. நாளைக்கு அவருகிட்டயே கேக்கப் போறன்,” என்றிருக்கிறாள் யுவராணி. மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளிலிருந்து அவள் ஜெனீவாவில்.

வெளியே வந்த தமிழ்மணி கேட்டருகே நின்றுவிட்டார். பத்துக்கு எட்டு அளவில் வாழ்த்துப் பேனர். யுவராணி சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ரோஜா, பின்னால் பனிமலை, பக்கத்தில் மலையைவிட உயரமாகத் தாளாளர்.

“மேரி, அந்தப் பூவுக்கு நடுவுல என்ன தெரியுது?”

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். படத்துக்குக் கீழே, ரோஜாக்களின் இடுக்கில், மஞ்சளாக ஒரு சிறு சுடர்.

“தீபம் சார். ஆனா வெளக்கைக் காணோம்.”

“வாழ்த்து பேனர்ல யாராச்சும் தீபம் வெப்பாங்களா?”

சகாயமேரியின் வாயில் தயாராக இருந்த நக்கல் அப்படியே நின்றுபோனது. கல்யாணம், காதுகுத்து, தேர்தல், பூப்பு நீராட்டு என்று இந்த மாவட்டத்தில் பேனர் வைக்காத காரியம் கிடையாது. பூ வரும், சிங்கம் வரும், ராக்கெட்கூட வரும். படத்துக்குக் கீழே விளக்கெரிவது ஒரே ஒரு பேனரில்தான்.

பேனரின் மூலையில் கடைப் பெயர் இருந்தது. ராஜா டிஜிட்டல்ஸ், பாலக்கோடு.

*

ராஜா நாற்பது வயதுக்காரன். செத்தவர்களையும் ஜெயித்தவர்களையும் ஒரே கணினியில் வைத்திருந்தான். பின்னால் இயந்திரம் ஒரு கல்யாண ஜோடியைத் தலையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

“அதுங்களா? டிசைன் காப்பி பண்றப்ப ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்ங்க. சின்ன மிஸ்டேக்கு.”

“எந்த டிசைன்லேருந்து?”

“அது... ஏதோ ஒண்ணு. அழிச்சிட்டன்ங்க.”

“பைலை அழிச்சிருப்பே. துணியை என்ன பண்ணே?”

ராஜா இயந்திரத்தைப் பார்த்தான். மணமகள் நெற்றி வரை வந்திருந்தாள்.

“தம்பி,” என்றாள் சகாயமேரி, “கேன்சல் ஆன கல்யாண பேனரை மாட்டுக் கொட்டாய்க்குக் கட்டுவாங்க. கேன்சல் ஆன சாவு பேனரை எவன் வூட்டுக்கு எடுத்துட்டுப் போவான்? நீயும் வெச்சிருக்க மாட்டே. அப்ப எங்க போச்சி?”

“எவனும் தொட மாட்டான்க்கா,” என்றான் ராஜா, தன்னையறியாமல். “மண்டிக்காரங்கதான் வாங்கிக்குவாங்க. மழை வந்தா மூடுறதுக்கு. படத்தை உள்பக்கமா திருப்பிப் போட்டுக்குவாங்க. தக்காளிக்கு ஏது தீட்டு?”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே தெரிந்தது.

*

தக்காளி மண்டியில் ஏலம் முடியும் நேரம். காலையில் தூறியிருந்ததால் அடுக்கி வைத்த பெட்டிகள்மேல் எல்லாம் வெள்ளைத் துணி. சகாயமேரி ஒவ்வொரு நுனியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். வெள்ளைக்கு அடியில் ஊரே குப்புறப் படுத்திருந்தது. முன்னாள் கவுன்சிலர், மஞ்சள் நீராட்டுப் பெண், மாநில அளவில் மூன்றாமிடம் பெற்ற கபடி அணி.

“யாரும்மா அது பெட்டியைக் கலைக்கறது? போலீசா?”

“இல்லீங்கண்ணா. சொந்தக்காரங்களைத் தேடறன்.”

கிழக்கு ஓரத்தில், ஏழாவது அடுக்கில், நுனியைத் தூக்கியவள் மறுபடி இறக்கிவிட்டாள். தமிழ்மணிக்கு அதுவே போதுமாக இருந்தது. மண்டிக்காரருக்குப் புதுத் தார்ப்பாய் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லி அந்தத் துணியை உருவி, கோடவுனுக்குப் பின்னால் கொண்டுபோய் விரித்தார்கள்.

கண்ணீர் அஞ்சலி.

அதே சிரிப்பு. அதே ரோஜா. பனிமலைக்குப் பதில் இருண்ட வானம். படத்துக்குக் கீழே இரண்டு விளக்குகள், இரண்டு சுடர். மறைவு: பிப்ரவரி 12. பக்கத்தில் கை கூப்பி நின்ற தாளாளரின் படம் செத்தவளின் படத்தைவிட ஒரு பங்கு பெரியது. துயரம் யாருக்கு அதிகம் என்பதில் பார்ப்பவருக்குக் குழப்பம் வரக் கூடாதல்லவா?

தக்காளிச் சாறு பட்டுப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கோடு காய்ந்திருந்தது. சகாயமேரி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை.

“செத்துட்டா சார்,” என்றாள். “கண்ணம்மாக்கா அதோ அந்தப் பக்கம் தக்காளி வித்துட்டு நிக்குது. நான் போயி சொல்ல மாட்டன். நீங்களே சொல்லிக்குங்க.”

“கடைசி வரைக்கும் படி,” என்றார் தமிழ்மணி.

அடியில் ‘கண்ணீருடன்’ என்று போட்டு ஒரு பட்டியல். சகாயமேரி படித்தாள். “கல்விக் காவலர், உலக அமைதித் தூதர், டாக்டர் மாரியப்பன். சர்வதேசச் சிந்தனையாளர் பேராசிரியர்... அப்புறம் இன்னொரு டாக்டர். இவரு முன்னாள் சிறப்பு விருந்தினராம். சிறப்பு விருந்தினர்லகூட முன்னாள் உண்டா சார்? அப்புறம் முனைவர், முனைவர், முனைவர்...” குரல் நின்றது. “பெரியம்மாள், சித்தேரி.”

“அவங்களுக்கு என்ன பட்டம்?”

“ஒண்ணும் இல்லீங்களே.”

“வாட்ச்மேனுக்கே ‘பாதுகாப்பு இயக்குநர்’னு போர்டு மாட்டியிருக்கற எடம் மேரி அது. அவங்க அச்சடிச்ச பட்டியல்ல வெறும் பேரோட ஒருத்தங்க எப்படி வந்தாங்க?” துணியைப் படம் உள்ளே போகும்படி சுருட்டினார். “இது அவங்க எழுதுனதில்ல. வா.”

*

சுருட்டிய துணியைப் பார்த்ததும் ராஜா எழுந்து நின்றான்.

“ஆர்டர் எப்படி வந்துச்சி?”

“வாய்ஸ்ல... ஐயா டைப் பண்ண மாட்டாருங்க.”

“காட்டு.”

போனைக் கொடுத்தான். தமிழ்மணி மேலே மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, போனைச் சகாயமேரியிடம் நீட்டினார். குரலுக்குக் கீழே நாளும் நேரமும். பிப்ரவரி 11, பிற்பகல் 2.10.

அவள் இரண்டு முறை பார்த்தாள். பேனரில் மறைவு பன்னிரண்டு.

“சாகறதுக்கு மொத நாளே...” என்றாள்.

“கல்யாண சீசன்ங்க,” என்றான் ராஜா. அழுகிற மாதிரி இருந்தான். “ஒரு நாள் முன்னாடி சொன்னாத்தான் மெஷின் ஃப்ரீயா கெடைக்கும். ஐயா எப்பவும் முன்கூட்டியே சொல்லிடுவாரு. யாரு செத்தாலும் அவரு பேனர்தான் மொதல்ல நிக்கணும். நான் தேதியெல்லாம் பாக்கறதில்லீங்க. அவரு போட்டோல தொப்பையைக் குறைக்கறதுக்கே நேரம் சரியாயிடுது.”

“யாரு பாத்தா தேதியை?”

ராஜா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“அந்தப் புள்ளதாங்க. சாதனை பேனர் அச்சாவற நாள்ல அது வந்து எழுத்துப் பிழை பாக்கும், மாசாமாசம் பழக்கம். அன்னிக்கும் சாயங்காலமா வந்துச்சி. நான் டீ சாப்புடப் போயிருந்தன். வந்து பாக்கறன், மெஷின் முன்னாடி நிக்குது. இது பாதி வெளிய வந்திருக்குது. அதோட மொகம்... வந்துட்டிருக்குது.”

சகாயமேரி இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“கத்தலீங்க. அழுவல. கீழ இன்னும் அச்சாவலியே, நிறுத்துங்கண்ணான்னுச்சி. உக்காந்து அடியில ஒரே ஒரு பேரைச் சேத்துச்சி. இதை எங்கம்மா பாத்தா யாராச்சும் படிச்சிக் காட்டுவாங்க, அப்ப புரிஞ்சிக்கும்னு சொல்லிச்சி. போனை ஹாஸ்டல்லயே வெச்சிட்டு வந்துட்டன், அதுவும் நல்லதுக்குத்தான்னுச்சி. பஸ்ஸுக்குப் போயிடுச்சி. மறுநாள் ஒகேனக்கல் பரிசல்ல எல்லாரும் போட்டோ எடுக்கப் போறதா இருந்துச்சிங்க. அது வரவேயில்ல. ஐயா கேன்சல் பண்ணிட்டாரு. அதே போட்டோவுல வாழ்த்து போடச் சொன்னாரு.”

“அச்சடிச்சதை அவரு பாத்தாரா?”

“போன்ல அனுப்பினன். அவரு போட்டோவைப் பாத்தாரு, அவரு பேரைப் பாத்தாரு. அவரு பேருக்குக் கீழ ஒரு வரி படிச்சி நான் பாத்ததில்லீங்க.”

சகாயமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாற்பது நாளாக ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றி வைத்திருந்தது அந்த மனிதரின் தற்பெருமை!

*

கண்ணம்மாள் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தமிழ்மணியின் கையில் சுருட்டிய துணியைப் பார்த்தாள்.

“அம்மா, பெரியம்மாள்னு சித்தேரியில யாரு?”

அவள் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

“எந்த வாயிங்க சொல்லிச்சி உங்களுக்கு அந்தப் பேரை? கரும்பு வெட்ட மலையிலேருந்து எறங்கி வந்தவ. யுவராணி பொறந்தப்ப எனக்குப் பாலு இல்ல. அவ பொண்ணுக்குக் குடுத்த பாலுல பாதி எம்பொண்ணுக்குக் குடுத்தா. எங்க மூணு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதுங்களே!”

“அக்கா,” என்றாள் சகாயமேரி. “நீங்க கேட்டீங்களே, உசுரோட இருக்குதான்னு. இருக்குதுக்கா. உங்க பொண்ணு அங்கதான் இருக்குது.”

கண்ணம்மாள் மகிழவில்லை. அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைச் சகாயமேரி பார்த்தாள். தக்காளிச் சிவப்புக்கு நடுவே அந்த முகம் மட்டும் சாம்பலாக இருந்தது.

“நேத்து மெசேஜு வந்துச்சிங்க,” என்றாள் மெல்ல. “பக்கத்து வூட்டு அக்கா படிச்சிச் சொன்னாங்க. விசாவுக்கு ஒறவு மொறை எல்லார் பேரும் வேணுமாம். குடுத்தா ஒரு வாரத்துல வூட்டுக்கு வந்துடுவன்னு போட்டிருந்துச்சி. பொய்யின்னு மனசு சொல்லிச்சிங்க. ஒருவேள நெசமாயிருந்தா? எல்லார் பேரும் சொன்னன். சித்தப்பன், மாமன், அத்தை... பாலு குடுத்தவளையும், அவ ஊரையும் சொல்லிட்டன்.”

அந்த நேரத்தில்தான் ராஜா மண்டிக்குள் ஓடிவந்தான். கால் சேற்றில் வழுக்கியது. கையில் போன்.

“சார், இப்பத்தான் வந்துச்சி.”

சற்றுத் தள்ளிப் போய்க் கேட்டார்கள். டாக்டர் மாரியப்பனின் குரல், மேடையில் பேசுவது போலவே நிதானமாக.

‘ராஜா, யுவராணி பாப்பாவோட பழைய பைலு இருக்குமே, அதையே எடு. எடம் ஜெனீவான்னு போட்டுக்க. மறைவு தேதி நாளைக்கு. என்னோட புதுப் போட்டோ அனுப்பியிருக்கன், கழுத்தை மட்டும் பாத்து சரிபண்ணு. ரெடியானதும் போட்டோ அனுப்பு. காலையில எட்டு மணிக்குக் கேட்டுல கட்டியாவணும்.’

“பைலை அழிச்சிட்டன்னு சொன்னே?” என்றாள் சகாயமேரி.

தமிழ்மணி அதற்குள் அரூரில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவரை அழைத்திருந்தார். தாளாளரோடு இதுவரை ரிப்பன் வெட்டாத ஒரே காவல் அதிகாரி அவர்தான். “சித்தேரி. பெரியம்மாள் வூடு. உடனே ஆளை அனுப்புங்க, நான் கெளம்பிட்டன்.” போனை வைத்தார். “இங்கேருந்து மலைக்கு ரெண்டரை மணி நேரம். அரூர்லேருந்து ஒண்ணே கால். அந்த நேரம் வேணும் நமக்கு. ராஜா, மெஷின் ரிப்பேர்னு சொல்லு.”

“வேற கடைக்குப் போயிடுவாருங்க.”

“போக மாட்டாரு. அவரு கழுத்து உனக்குத்தான் தெரியும்.”

“சார்,” என்றாள் சகாயமேரி, “ஒரு பேனருக்காகவா காத்திருப்பாரு? கொலை பண்ணப் போறவரு?”

“போன தடவை பேனர் ரெடியான பெறகுதானே பரிசல்ல ஏத்தப் பாத்தாரு? அவரு படம் பெருசா நிக்காத சாவு அவருக்கு சாவே இல்ல, மேரி.” கண்ணம்மாளின் கையைப் பிடித்து எழுப்பினார். “வாங்கம்மா. உங்க குரலைக் கேட்டாத்தான் உங்க பொண்ணு கதவைத் தொறக்கும்.”

கார் சேற்றைத் தெறிக்கவிட்டுப் போனது. சகாயமேரி ராஜாவைக் கடைக்கு இழுத்துப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று இயந்திரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டாள். கல்யாண ஜோடி இடுப்போடு நின்றது.

பத்து நிமிடம் கழித்துப் போன் ஒளிர்ந்தது. மறுபடி தாளாளரின் குரல்.

‘ராஜா, ரெடியா?’

அவளே ராஜாவின் பெயரில் தட்டினாள். ‘மெஷின் மக்கர் பண்ணுதுங்கய்யா. ஆள் வந்து பாக்கறாரு. மூணு மணி நேரம் ஆவும்.’

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. கடைச் சுவரில் மாட்டியிருந்த மாதிரி பேனர்களில் தெரிந்தவர், தெரியாதவர், செத்தவர், ஜெயித்தவர் எல்லோரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனக்கு ஞாபகமிருந்த ஒரே ஜெபத்தைப் பாதி வரை சொன்னாள்.

பிறகு குரல் வந்தது. பின்னணியில் காற்றின் இரைச்சல். மலைமேல் அடிக்கிற காற்று.

‘சரி. அவசரமில்ல, கழுத்து நல்லா வரட்டும். நாங்க இங்க வெயிட் பண்றோம்.’